முதலில் மெடிக்கல், பிறகு பரீட்சை, கடைசியில் பணம்

(ராமநாதபுரத்தில் பள்ளி மாணவர்கள், பெற்றோர் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரவேற்புரையில் என்னைப் பைலட் என்று சொல்லிவிட்டார்கள். நான் பைலட் இல்லை. பைலட் ஆகப் போகிற பிள்ளைகளுக்கு வானிலையும் வழிகாணலும் கற்றுக்கொடுத்த வாத்தியார். அவர்கள் மேலே போவார்கள், நான் சாக்பீஸோடு கீழே நிற்பேன். இருந்தாலும் யார் மேலே போனார்கள், யார் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன். அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இந்த ஊரில் விமானத்தைப் பற்றிப் பேசினால் கலாமைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் அவருடைய கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகிற ஒரு பக்கம் இருக்கிறது. ராமேஸ்வரம் பஞ்சாயத்துப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகள் முகத்தில் தெளிவில்லை. மாலையில் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டி விளக்கினார். அது எல்லோருக்கும் தெரியும். பிறகு இதே ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப், குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். அதுவும் தெரியும்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். விமானப் பொறியியல் முடித்த அந்த இளைஞருக்கு ராக்கெட் கனவு அப்போது கிடையாது. விமானப்படை பைலட் ஆக வேண்டும், அவ்வளவுதான். டேராடூனில் தேர்வு வாரியத்தின் முன் போய் நின்றார். வந்திருந்தவர்கள் 25 பேர், எடுக்கப்போவது 8 பேரை. கலாம் ஒன்பதாவதாக வந்தார். மனம் உடைந்து ரிஷிகேஷ் போனதும், சுவாமி சிவானந்தரைப் பார்த்ததும், டெல்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததும் அவரே எழுதிய செய்திகள். 2006 ஜூன் 8ஆம் தேதி, குடியரசுத் தலைவராக, தம் 74ஆம் வயதில், புனே லோகேகாவ் தளத்தில் சுகோய் 30 விமானத்தில் விங் கமாண்டர் அஜய் ரத்தோருடன் பறந்தார். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

மேடைகளில் இதைத் தோற்றவர் ஜெயித்த கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு எப்போதும் அந்த எட்டாவது ஆள் மேல்தான் கண். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் பறந்திருப்பார். அவரைப் பறக்க வைக்க அவர் வீட்டில் யாரும் வளையல் கழற்றியிருக்க மாட்டார்கள். விமானம், பெட்ரோல், ஆசிரியர், சாப்பாடு எல்லாம் அரசாங்கச் செலவு, மேலே சம்பளமும் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். விமானத்தை ஆணி ஆணியாகப் படித்த எம்.ஐ.டி. பட்டதாரிதான் ஒன்பதாவது வந்தார். விமானத்தைத் தெரிந்திருப்பது வேறு, விமானத்தை ஓட்டத் தோதான ஆளாக இருப்பது வேறு. தேர்வு வாரியம் பார்ப்பது இரண்டாவதை. பைலட் ஆக இன்றைக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்றில் அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொன்றில் நீங்கள் பணம் கட்டி நுழைகிறீர்கள். நம் கரையில் எல்லோரும் இரண்டாவது வாசலைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

முதல் வாசல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம், ஐ.என்.எஸ். பருந்து. 2009 மார்ச்சில் அந்தப் பெயரோடு முறையாகத் தொடங்கப்பட்டது. இன்றைக்கு அங்கே ஆளில்லா விமானப் படைப்பிரிவு ஒன்றும் இருக்கிறது. ஹெரான் விமானங்கள் அங்கிருந்துதான் பாக் நீரிணைமேல் சுற்றுகின்றன. உங்களில் பாதிப் பேர் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, அவர்களிடம் தண்ணீரிலும் மணலிலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட். கலாம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘நந்தி’ என்று ஒரு ஹோவர்கிராஃப்ட் செய்தார், நினைவிருக்கட்டும். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் அங்கேதான் உருவாகிறார்கள். விமானப்படைக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. ஆக, இந்தியாவில் பறக்கும் கல்வியின் முக்கியமான இரண்டு வகுப்பறைகள் தமிழ்நாட்டில். அதற்குள் போக நம் பிள்ளைகள் விண்ணப்பமே போடுவதில்லை.

எப்படிப் போவது? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுத்தவர்களுக்கு என்.டி.ஏ., அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமியின் தேர்வு. 2022 முதல் அங்கே பெண்களும் சேர்கிறார்கள். டிகிரி முடித்தவர்களுக்கு விமானப்படையின் ஏ.எஃப்.கேட். பொறியியல் படித்தவர்களுக்குக் கடற்படையின் குறுகிய காலப் பணி பைலட் நுழைவு. ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்றால் உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளி, 1962 முதல் நடக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் வாங்கினால் தனி வழியே உண்டு.

இதில் ஒரு கண்டிப்பான விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பைலட் தேர்வுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு சோதனை வைப்பார்கள். கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தவறினால் விமானப்படையில் வேறு பிரிவுக்குப் போகலாம், பைலட் இருக்கைக்கு மறுபடி கேட்க முடியாது. உயரம் 162.5 சென்டிமீட்டராவது வேண்டும். கால் நீளத்தைத் தனியாக அளப்பார்கள். 99 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பெடல் எட்டாது, 120ஐத் தாண்டினால் காக்பிட்டுக்குள் மடங்காது. படிப்பில் கெட்டிக்காரன், ஓட்டத்தில் முதல் பரிசு, கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை என்று திரும்பி வந்த பையனைத் தெரியும். அழுதான். நியாயம்தான். அவனுக்குச் சிவில் வாசல் திறந்திருந்தது, அதில் இவ்வளவு கெடுபிடி கிடையாது.

இப்போது அந்த இரண்டாவது வாசல். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் படகு போகிறது, நிலம் போகிறது.

விமான நிறுவனத்தில் பைலட் ஆகத் தேவை கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், சுருக்கமாக சி.பி.எல். கொடுப்பது டி.ஜி.சி.ஏ., சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். வயது 18 ஆக வேண்டும், பன்னிரண்டில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பாளராக. ஒரு முறையாவது 300 நாட்டிகல் மைல், அதாவது 550 கிலோமீட்டருக்கு மேல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறிப் போய் வர வேண்டும். இரவில் 5 மணி நேரம். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி தனி. ஹெலிகாப்டருக்கு 150 மணி நேரம். செலவு, இன்றைய நிலவரப்படி, சுமார் 50 லட்சத்திலிருந்து எங்கே படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு கோடியை நெருங்கும்.

இந்தத் தொகையைக் கேட்டதும் ஹாலில் ஒரு சலசலப்பு வந்தது பார்த்தீர்களா? வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? பையன் பன்னிரண்டு முடிக்கிறான். பைலட் ஆக ஆசை. யாரோ ஒரு ஏஜென்ட் நம்பர் கிடைக்கிறது. அவர் வழவழப்பான கையேடு ஒன்றைக் கொடுக்கிறார். பதினெட்டு மாதத்தில் லைசென்ஸ், உடனே வேலை, மாதம் லட்சக்கணக்கில் சம்பளம். அப்பா வளைகுடாவில் சேர்த்த பணம், அம்மா நகை, ஊர்ப்புறத்து நிலம் எல்லாம் சேர்ந்து ஒரே தவணையில் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் மருத்துவச் சோதனை. அதற்குப் பிறகுதான் பரீட்சை. வரிசை தலைகீழாக இருக்கிறது.

நம் கரையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் விசைப்படகை விற்று முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டியிருந்தார், வெளிமாநிலத்துப் பறக்கும் பள்ளி ஒன்றில். பெயர் வேண்டாம். பள்ளியில் பிள்ளைகள் நிறைய, ஓடும் நிலையில் விமானங்கள் குறைவு. ஒன்றுக்கு எஞ்சின் கழற்றிப் போட்டிருக்கும், ஒன்றுக்கு ஸ்பேர் வரவில்லை. ஒரு வருஷம் தாண்டியும் மகன் ஐம்பது மணி நேரத்தைத் தொடவில்லை. வெளியேறலாம் என்றால் பணம் திரும்பாது. அவன் கடைசியில் முடித்தான், மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ‘பையன் படித்தது பறக்கிறதை இல்லை வாத்தியாரே, காத்துக்கிடக்கிறதை’ என்றார் அந்த அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மெடிக்கல். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டர்களிடம் கிளாஸ் 2 சோதனை, சில ஆயிரம் ரூபாயில் முடியும் சமாச்சாரம். அதோடு நிற்காமல் கிளாஸ் 1 சோதனையையும் முடித்துவிடுங்கள். அது கொஞ்சம் கடினம், பெங்களூரிலுள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் செய்வார்கள். கண்ணாடி போட்டிருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை 6/6 வந்தால் சிவில் பைலட் ஆகத் தடையில்லை. நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். அது இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது, புள்ளிப் புத்தகத்தை நீட்டும்போதுதான் தெரியும். புள்ளிக்குள் இருக்கும் எண் தெரியவில்லை என்பதை நிலம் விற்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லதா, பின்னாலா?

அடுத்து பரீட்சை. டி.ஜி.சி.ஏ. இணையத்தில் பதிவு செய்து கம்ப்யூட்டர் நம்பர் வாங்கினால், ஒரு மணி நேரம்கூடப் பறக்காமலே எழுத்துத் தேர்வுகளை முடிக்கலாம். விமானச் சட்டவிதிகள், வழிகாணல், வானிலை, விமானத் தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 மார்க் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கு ஆர்.டி.ஆர். என்று தனித் தேர்வு. இதையெல்லாம் வீட்டிலிருந்தே, ஒரு நல்ல வாத்தியாரை வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்குள் முடிக்கலாம். செலவு பறக்கும் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. பேப்பர் எல்லாம் முடித்துவிட்டுப் பறக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தினமும் விமானத்தின் மேல்தான் கவனம். முடிக்காமல் போகிறவன் காலையில் ஓடுபாதை, இரவில் புத்தகம் என்று இரண்டிலும் அரைகுறையாகிறான். முக்கியமான இன்னொன்று: இந்தப் பேப்பர்களில் மூன்று முறை முட்டி மோதியும் வரவில்லை என்றால், இந்தத் தொழில் உனக்கு ஒத்துவருமா என்று யோசிக்க அதுதான் மலிவான இடம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ரேடியோ ஆங்கிலம் என்றால் நடுக்கம். நடுங்க வேண்டாம். ரேடியோவில் பேசுவது இலக்கிய ஆங்கிலம் இல்லை. இருநூறு முந்நூறு வார்த்தைக்குள் அடங்கும், வரிசை மாறாத பேச்சு. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சரளமாக ஆங்கிலம் பேசுகிற நகரத்துப் பிள்ளைகள் இதில் சுருக்கமாகப் பேசத் தெரியாமல் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி எனக்குப் பிடித்த பாடத்துக்கு வருகிறேன். கரும்பலகை இருப்பதால் வரைந்தே காட்டுகிறேன்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம். வானத்தில் நேர்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர், கிழக்கே சற்றுத் தெற்கு சாய்ந்து. உங்களிடம் இருப்பது செஸ்னா 172, பயிற்சிப் பள்ளிகளில் நிறைய இருக்கும் நான்கு இருக்கை விமானம். வேகம் மணிக்கு 185 கிலோமீட்டர் என்று வைப்போம். மாதம் ஆடி. கச்சான் வீசுகிறது, தென்மேற்கிலிருந்து மணிக்கு 45 கிலோமீட்டர். திசைகாட்டியை ராமேஸ்வரத்துக்கு நேராக வைத்து, மூக்கைத் திருப்பாமல் போகிறீர்கள். என்ன ஆகும்?

பின்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்குகிறான். சொல்லப்பா... ஆமாம், காற்று தள்ளும். எந்தப் பக்கம்? இடது பக்கம், வடகிழக்கே. சரி. எவ்வளவு தள்ளும்? இதோ இந்த வட்டத் தகடு, பிளைட் கம்ப்யூட்டர் என்போம். பாட்டரி கிடையாது. சுழற்றி, காற்றின் திசையை மேலே கொண்டுவந்து, பென்சிலால் வேகத்துக்கு ஒரு புள்ளி. மறுபடி சுழற்றி, போக வேண்டிய பாதையை மேலே கொண்டுவந்து, தகட்டை நகர்த்தினால் புள்ளி கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். கணக்கு இதுதான்: 43 நிமிஷத்தில் கோயில் கோபுரம் காலடியில் இருக்க வேண்டும். அதற்குப் பதில் நீங்கள் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் தண்ணீர். எந்தத் தண்ணீர் தெரியுமா? கச்சத்தீவுக்கு வடமேற்கே, சர்வதேசக் கடல் எல்லைக் கோட்டை ஒட்டி.

சிரிக்கிறீர்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று உங்கள் வீடுகளில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தீர்வு சுலபம். மூக்கை 13 டிகிரி வலப்பக்கம், காற்று வருகிற பக்கம், திருப்பி வைத்துப் பறக்க வேண்டும். விமானம் பக்கவாட்டில் நழுவுவது போலத் தெரியும், தரையில் அதன் தடம் நேராக இருக்கும். பாம்பனில் வல்லம் ஓட்டுகிறவர் நீவாடு இழுக்கிற பக்கத்துக்கு எதிராக அணியத்தைச் சாய்த்துப் பிடித்துக் கரைக்கு வருவார் அல்லவா, கணக்கு அதேதான். சென்னையிலும் டெல்லியிலும் அப்பார்ட்மென்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த முக்கோணம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆகும். கடற்கரைப் பிள்ளைக்குத் தகடு எதற்கு என்று சொன்னாலே போதும். கச்சான் எப்போது விழும், வாடை எப்போது எழும், கொண்டல் வந்தால் கடல் எப்படி இருக்கும் என்பது அவன் வீட்டுத் திண்ணையில் தினமும் பேசுகிற பேச்சு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வானிலைப் பேப்பரில் பாதி அதுதான்.

காற்றைப் பற்றி இன்னொரு கணக்கு. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நிற்கும். செஸ்னா 172ஐ ஓடுபாதைக்குக் குறுக்கே வீசுகிற காற்றில் இறக்கிக் காட்டிய அளவு 28 கிலோமீட்டர்தான். அதுவும் தயாரிப்பாளரின் கைதேர்ந்த பைலட் இறக்கியது. மாணவனுக்கு அதில் பாதிகூட அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே பறக்கும் பள்ளியில் ஒரு மாணவன் கற்கிற முதல் பெரிய விஷயம், இன்றைக்குப் போக வேண்டாம் என்று சொல்வது. எரிபொருள் நிரப்பி, இன்ஸ்ட்ரக்டர் வந்து, பெயர் பலகையில் எழுதியாயிற்று. காற்றுப்பை குறுக்கே திரும்பிவிட்டது. வண்டியை ஓரங்கட்டு. பணம் கட்டியவனுக்கு இது வயிற்றெரிச்சல். இந்த வயிற்றெரிச்சலைத் தாங்குகிறவனைத்தான் நூற்றெண்பது பேரை நம்பி ஒப்படைக்கும் காக்பிட்டில் உட்கார வைப்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலுக்குள் தனுஷ்கோடிக்குப் போய் அலையில் மூழ்கிய ரயிலைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹெலிகாப்டர் பற்றி ஒரு தங்கை சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். விமானத்தைவிடக் கஷ்டமா என்று. ஆரம்பத்தில், ஆமாம். இடது கையில் ஒரு தண்டு, தூக்கினால் மேலே ஏறும். வலது கையில் ஒரு குச்சி, சாய்த்த பக்கம் நகரும். காலில் பெடல்கள், மூக்கைத் திருப்பும். சிக்கல் என்னவென்றால், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கலையும். இடது கையால் தூக்கினால் மூக்கு தானாகத் திரும்பும். பெடலால் நிறுத்தப் போனால் உயரம் குறையும். முதல் சில மணி நேரம் ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்துவதுதான் பாடம். கால்பந்து மைதானம் முழுவதும் அலைவார்கள். பிறகு ஒருநாள் கை திடீரென்று அடங்கும். எப்படி வந்தது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் வேலைக் கணக்கைப் பார்த்தால், நம் நாட்டில் சிவில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கைக்காசு போட்டு ஹெலிகாப்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டு அவர்களோடு போட்டி போடுவது கடினம். ஹெலிகாப்டர் ஆசை இருந்தால் அரக்கோணம் வழியாகப் போ என்பதுதான் என் யோசனை.

பெண் பிள்ளைகள் பைலட் ஆகலாமா என்று இன்னொரு சீட்டு, பெயர் போடாமல். ஒரு அம்மாவின் கையெழுத்து மாதிரி இருக்கிறது. அம்மா, உலகத்தில் பெண் விமானிகள் விகிதம் அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். அமெரிக்காவில் அதில் பாதிகூட இல்லை. நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. உஷா சுந்தரம் 1949இல் பெங்களூர் ஜக்கூரில் பறக்கக் கற்றவர். கணவர் வி.சுந்தரமும் பைலட். இருவரும் சேர்ந்து 1951இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். அந்தக் காலத்து பிஸ்டன் எஞ்சின் விமானத்தில்.

பழைய கதை என்று வந்தபிறகு இதையும் சொல்லிவிடுகிறேன், பாடத்தில் வராது. ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸை 1929 பிப்ரவரி 10இல் வாங்கினார். 1932 அக்டோபர் 15இல் தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து மதராஸ் வரை அவருடைய கூட்டாளி வின்சென்ட் ஓட்டி வந்தார். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தது. கொழும்பு இரத்மலானையில் 1935 நவம்பர் 27இல் முதன்முதலில் இறங்கிய விமானம் மதராஸ் ஃபிளையிங் கிளப்பினுடையது. ஓட்டியவர் அந்தக் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ. சிறுசிறு விமானங்கள், ரேடியோ இல்லாத காலம். இந்தக் கடலைத் தாண்டிப் பறப்பது நம்மவர்களுக்கு இன்று நேற்று வந்த ஆசை இல்லை.

கடைசியில் பணம். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் வாங்கினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். ஆதிதிராவிட மாணவர்களுக்கு மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் விமானிப் பயிற்சியும் இருக்கிறது, மாவட்ட நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்று எழுத்தில் வாங்குங்கள். சேருவதற்கு முன் ஒரு வாரநாளில் நேரில் போய் நில்லுங்கள். மாணவர்கள் எத்தனை பேர், அன்றைக்குப் பறக்கிற நிலையில் எத்தனை விமானம், போன வருஷம் எத்தனை பேர் முடித்தார்கள் என்று அலுவலகத்தில் கேட்காதீர்கள், கேன்டீனில் டீ குடிக்கிற மாணவர்களிடம் கேளுங்கள். ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் அரசின் இந்திரா காந்தி அகாடமி இருக்கிறது. பெயர் பெற்ற இடம், நுழைவுத் தேர்வு உண்டு. ஆனால் வடக்கே மார்கழி தை மாதங்களில் மூடுபனி, பறக்கும் நாள் குறையும். தெற்கே சேலம் விமான நிலையத்தையும் பயிற்சிப் பள்ளி நடத்த ஒதுக்கினார்கள்.

லைசென்ஸ் கையில் வந்தபிறகும் ஒரு செலவு உண்டு, ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். செஸ்னா ஓட்டியவனை ஏர்பஸ் 320இல் உட்கார வைக்க டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி, அதற்கும் பல லட்சம். 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 சி.பி.எல். கொடுத்தது, அதுவரை இல்லாத எண்ணிக்கை. அதே வருஷம் இண்டிகோ ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, ஏர் இந்தியா 470. இதைக் காட்டித்தான் பைலட் பஞ்சம் என்கிறார்கள். பஞ்சம் கேப்டன்களுக்கு. 1,500 மணி நேரம் பறந்தவர்களுக்கு. 200 மணி நேரத்தோடு வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்கு வரிசை நீளம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருக்கலாம். அந்த இரண்டு வருஷத்துக்கு வீட்டில் கஞ்சி இருக்கிறதா, கடன் தவணை யார் கட்டுவது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கையில் ஒரு டிகிரி இருப்பது நல்லது. சி.பி.எல். வைத்திருப்பவர்களுக்கு விமானப்படையின் ஏ.எஃப்.கேட். தேர்வில் வயது வரம்பு 26 வரை தளர்த்தப்படுகிறது, அதற்கும் டிகிரி வேண்டும்.

ராமேஸ்வரத்தில் விமான நிலையம் வரப்போகிறது, 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அது வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலையா என்று வாசலில் ஒருவர் கேட்டார். வந்தால் டாக்சிக்காரருக்கும் ஹோட்டலுக்கும் நல்லது. பைலட் ஆக ஊரில் ஓடுபாதை வேண்டியதில்லை. அதைவிடப் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குச் சீக்கிரம் வேலை தரக்கூடியது ட்ரோன். 18 வயது, பத்தாம் வகுப்பு, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சில நாள் பயிற்சி, ரிமோட் பைலட் சான்றிதழ். பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் மிளகாய்க்கு மருந்தடிக்கவும், நிலம் அளக்கவும் ஆள் தேடுகிற காலம் இது.

பதினொன்று, பன்னிரண்டு படிக்கிறவர்கள் யார் யார், கை தூக்குங்கள்... நிறைய இருக்கிறீர்கள். கிளாஸ் 2 சோதனை செய்யும் டாக்டர்கள் பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கிறது. ஏ.எஃப்.கேட். வருஷத்துக்கு இரண்டு முறை, என்.டி.ஏ. இரண்டு முறை, கடைசித் தேதிகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். புள்ளிப் புத்தகம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும். வரிசையாக வந்து பாருங்கள், ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் ஆகும். சந்தேகம் வந்தால் அது முடிவில்லை, டாக்டரிடம் போக வேண்டும் என்று மட்டும் அர்த்தம். பெற்றோர்கள் கேள்வி கேட்க மைக் கீழே வருகிறது. கட்டணம் பற்றிய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.